பென்டிரைவ் ஏன் கழற்ற வரவில்லை?

திருவல்லிக்கேணியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு பில் போடும் புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் ஒழுங்காக ஓடும். யாராவது பென்டிரைவ் கொண்டுவந்து அதிலிருந்து ஒரு ஃபைலைத் திறந்துவிட்டால் போதும், அடுத்த பில்லுக்கு "விலைப்பட்டியல் இல்லை" என்று நின்றுவிடும். அந்தப் பென்டிரைவைக் கழற்றப் போனால், இன்னும் பயன்பாட்டில் இருக்கிறது என்று விண்டோஸ் விடாது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்.

"இரண்டாவது லெஃப்ட்" என்று வழி சொன்னால், பனகல் பார்க்கிலிருந்தா, மயிலாப்பூர் குளத்திலிருந்தா என்று கேட்போம் இல்லையா? புரோகிராமில் எந்த ஃபோல்டர் என்று சொல்லாமல் "விலை.டிஎக்ஸ்டி" என்று ஃபைல் பெயரை மொட்டையாக எழுதுவதும் அப்படித்தான். ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு புரோகிராமும் "நான் இப்போது நிற்கும் ஃபோல்டர்" என்று ஒன்றை வைத்திருக்கிறது, மொட்டைப் பெயர்களை அங்கிருந்துதான் தேடும். புரோகிராம் இருக்கும் இடமும் அது நிற்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மேக்கில் ஃபைண்டரிலிருந்து ஐகானைத் தட்டித் திறக்கும் புரோகிராம் பொதுவாக "/" என்ற உச்சி ஃபோல்டரில்தான் நிற்கும். லினக்ஸில் டெர்மினலிலிருந்து (கட்டளைகளை டைப் செய்யும் ஜன்னல்) ஓட்டினால் நீங்கள் அப்போது இருந்த ஃபோல்டரில் நிற்கும்.

ஓபன் டயலாக், அதாவது ஃபைலைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டி, வந்ததும் இன்னொரு ஃபோல்டரும் நடுவில் நுழைகிறது, அதாவது திரையில் தெரியும் ஃபோல்டர். விண்டோஸ் டயலாக்கில் பெயர்க் கட்டத்தில் ".." அடித்து என்டர் தட்டினால், தெரிகிற ஃபோல்டருக்கு ஒரு படி மேலே போகும். புரோகிராம் எங்கே நிற்கிறது என்பது அதற்குப் பொருட்டே இல்லை. லினக்ஸில் பல புரோகிராம்கள் பயன்படுத்தும் ஜிடிகே டயலாக்கில் கன்ட்ரோல்-எல் அடித்து எழுதும் பாதையும், "/" அல்லது "~" (உங்கள் ஹோம் ஃபோல்டர்) என்று தொடங்காவிட்டால், தெரிகிற ஃபோல்டரிலிருந்துதான் கணக்கு.

சரி, என் சிக்கல் எங்கே? விண்டோஸின் பழைய டயலாக், நீங்கள் ஃபைலைத் தேர்ந்தெடுத்ததும் புரோகிராம் நிற்கும் இடத்தையே அந்த ஃபோல்டருக்கு மாற்றிவிடும். என் புரோகிராம் பென்டிரைவுக்குள் போய் நின்றுகொண்டு விலைப்பட்டியலை அங்கே தேடியது. ஒரு புரோகிராம் நிற்கும் ஃபோல்டரை விண்டோஸ் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதால் பென்டிரைவும் கழலவில்லை.

விண்டோஸில் இன்னொரு கண்ணியும் உண்டு: "டி:விலை" வேறு, "டி:\விலை" வேறு. முதலாவது, டி டிரைவில் கடைசியாக எந்த ஃபோல்டரில் நின்றோமோ அங்கிருந்து தேடும், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழக்கம் அது. ஒரே ஒரு சாய்கோடு விட்டுப்போனால் மணிக்கணக்கில் தேட வேண்டியிருக்கும்.

நான் இரண்டு வேலை செய்தேன். தன் சொந்த ஃபைல்களைத் திறக்கும்போதெல்லாம், தான் இருக்கும் இடத்தை முதலில் கண்டுபிடித்து அதிலிருந்து முழுப் பாதையைக் கட்டும்படி புரோகிராமை மாற்றினேன். அப்புறம், டயலாக் மூடியதும் நிற்கும் இடத்தைத் தன் சொந்த ஃபோல்டருக்கே திருப்பச் சொன்னேன். அன்று சாயங்காலமே பென்டிரைவ் மறுபேச்சில்லாமல் கழன்று வந்தது.