வேர் விட்டதெல்லாம் செடி ஆகிவிடாது

நர்சரிக்கு வந்த ஒரு அம்மா பையிலிருந்து கண்ணாடி பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே மணி பிளான்டின் ஒற்றை இலை. காம்பின் நுனியில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை வேர். "ஒன்றரை வருஷமா இப்படியேதான் இருக்கு. புதுசா ஒரு இலைகூட வரலை. உரம் ஏதாவது போடணுமா?" என்றார்.

உரம் போட்டாலும் வராது. அவர் கிள்ளியது இலையையும் காம்பையும் மட்டும்தான். காம்பு தண்டோடு சேரும் கணு கொடியிலேயே தங்கிவிட்டது. மணி பிளான்டின் இலைக்காம்புக்கு வேர் விடத் தெரியும், மொட்டு வைக்கத் தெரியாது.

கொடியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காம்பு தண்டோடு சேரும் இடம் லேசாகப் புடைத்து, மோதிரம் போட்டதுபோல ஒரு கோடு ஓடும். அதன் பக்கத்திலேயே மரு மாதிரி பழுப்பு நிறத்தில் ஒரு முண்டு இருக்கும். வேர் அங்கிருந்து வரும். காம்பின் இடுக்கில் ஒரு மொட்டு உறங்கிக்கொண்டிருக்கும், துளிர் வருவது அதிலிருந்து. கணுவுக்கு அரை அங்குலம் கீழே வெட்டுங்கள். இரண்டு கணு உள்ள துண்டாக இருந்தால் நல்லது. ஒன்று தண்ணீருக்குள், ஒன்று வெளியே.

மணி பிளான்ட் பூத்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பூப்பதற்கு வேண்டிய ஜிப்ரெலின் என்ற ஹார்மோனை அந்தச் செடியால் போதிய அளவு தயாரிக்க முடிவதில்லை. பூ இல்லாவிட்டால் விதை ஏது? வீடுகளில் படர்ந்திருப்பதெல்லாம் ஏதோ ஒரு கொடியிலிருந்து வெட்டி வெட்டி வந்ததுதான்.

சரி, இலையை மட்டும் வைத்தாலே செடியாகும் வகைகள் இல்லையா? உண்டு. ரணகள்ளி இலையின் ஓரத்திலேயே குட்டிச் செடிகள் முளைக்கும். இசட் இசட் பிளான்டின் ஒரு சிற்றிலையை மண்ணில் செருகினால், முதலில் மண்ணுக்கடியில் ஒரு சின்னக் கிழங்கு உருளும். மேலே பல மாதங்களுக்கு ஒன்றுமே தெரியாது. முக்கால்வாசிப் பேர் அந்தச் சமயத்தில்தான் தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். இலை பச்சையாக இருக்கும்வரை விட்டுவிடுங்கள்.

ஸ்நேக் பிளான்டில் நானே சூடு பட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், மஞ்சள் கரை போட்ட ஸ்நேக் பிளான்டின் நீள இலைகளைத் துண்டு துண்டாக நறுக்கி ஒரு தட்டு நிறைய நட்டேன். எல்லாம் வேர் பிடித்தன, சில மாதங்களில் கன்றும் விட்டன. ஒன்றில்கூட மஞ்சள் கரை இல்லை, அத்தனையும் வெறும் பச்சை. அந்த இலையில் இருவேறு மரபணு கொண்ட செல் அடுக்குகள் சேர்ந்து வாழ்கின்றன. துண்டிலிருந்து கன்று உருவாகும்போது பச்சை அடுக்கு மட்டுமே முளைத்து வருகிறது. கரை வேண்டுமென்றால் பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுவதுதான் வழி.

இலைத் துண்டைத் தலைகீழாக நட்டாலும் வேர் வராது. வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோன் துண்டுக்குள் நுனியிலிருந்து அடியை நோக்கித்தான் போகும். நறுக்கிப் போட்டபின் மேல் எது, கீழ் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் மேல்பக்கத்தை நேராகவும் வெட்டுவது எங்கள் பழக்கம்.

உயரமாகப் போய்விட்ட ரப்பர் செடிக்குக் குச்சி வெட்டி நடுவதைவிட விண்பதியம் நல்லது, அதாவது தண்டு செடியில் இருக்கும்போதே அதில் வேர் வரவைப்பது. தண்டில் ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுங்கள். பால் வடியும், துடைத்துவிடுங்கள். உள்ளே வழுவழுப்பாக இருக்கும் பச்சைப் படலத்தையும் கத்தியால் சுரண்டிவிட வேண்டும். அதை விட்டால் பட்டை திரும்ப மூடிக்கொள்ளும், வேரே வராது. பிறகு நனைத்துப் பிழிந்த ஸ்பாக்னம் பாசியை (செடி வளர்ப்புக்கென்று காயவைத்து விற்கும் பாசி) அந்த இடத்தில் சுற்றி, பாலிதீனால் இரண்டு பக்கமும் இறுக்கிக் கட்டுங்கள். இலை தயாரித்த உணவு பட்டை வழியாகத்தான் கீழே இறங்கும். வழி அடைபட்டதும் வளையத்தின் மேல் விளிம்பில் தேங்கி, அங்கிருந்தே வேர் கிளம்பும். பாலிதீனுக்குள் வேர் நன்றாகப் பரவியது தெரிந்தபின் அதற்குக் கீழே அறுத்துத் தொட்டியில் வைக்கலாம்.

அழுகலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் இலை முங்கக் கூடாது. மூன்று நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடுங்கள், ரொம்ப நாள் தண்ணீரிலேயே பழகிய வேர் மண்ணில் திணறும். சதைப்பற்றுள்ள செடிகளுக்கு இதெல்லாம் நேர் எதிர். வெட்டிய முகம் காய்ந்து தோல் மூடும்வரை சில நாள் நிழலில் போட்டுவிட்டுத்தான் நட வேண்டும். அப்புறம், தினமும் இழுத்துப் பார்க்காதீர்கள்.

டிஃபன்பேக்கியா என்ற அழகுச்செடியை வெட்டும்போது கையுறை போடுங்கள். அதன் சாற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. வாயில் பட்டால் நாக்கு எரிந்து வீங்கும். மணி பிளான்டிலும் அதே படிகங்கள் உண்டு. வெட்டிய துண்டுகளைக் குழந்தைகள் கைக்கு எட்டும்படி விட்டுவைக்காதீர்கள்.

அந்த அம்மாவிடம் வீட்டில் தாய்க்கொடி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். எங்கே வெட்டுவது என்று எங்கள் கொடி ஒன்றில் தொட்டுக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே, பாட்டிலைச் சிந்தாமல் எடுத்துத் திரும்பவும் பையில் வைத்துக்கொண்டார்.