மேலே எழும்பிய விமானம் 'உயிர் தப்பிய' விமானம் அல்ல

'ஓடுபாதையைத் தொடப்போன நேரத்தில் மீண்டும் வானில் பறந்த விமானம்! பயணிகள் அலறல்! விமானியின் சாதுரியத்தால் பெரும் விபத்து தவிர்ப்பு!' ஊரையும் விமான நிறுவனத்தையும் மாற்றி மாற்றி இதே தலைப்பு வந்துகொண்டே இருக்கிறது. உள்ளே படித்தால் காற்று எந்தப் பக்கம் அடித்தது, ஓடுபாதை ஈரமா, முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு வெளியேறிவிட்டதா, ஒன்றும் இருக்காது. அலறல் மட்டும் இருக்கும்.

இதற்கு எங்கள் துறையில் 'கோ-அரௌண்ட்' என்று பெயர். இறங்குவதை விட்டுவிட்டு மேலேறி, சுற்றி வந்து, மறுபடி இறங்குவது. எல்லா விமானிகளும் சிமுலேட்டரில் திரும்பத் திரும்பப் பழகும் பாடம் இது. ஒவ்வொரு முறை இறங்கத் தொடங்கும் முன்பும், தேவைப்பட்டால் எந்தத் திசையில், எத்தனை அடிக்கு ஏற வேண்டும் என்று இரண்டு விமானிகளும் பேசி வைத்துக்கொள்கிறார்கள். அதற்கான எரிபொருளும் கணக்கில் இருக்கிறது. சாதுரியம், அதிர்ஷ்டம், கடவுள் கிருபை என்றெல்லாம் சொல்ல இதில் எதுவும் இல்லை. சாலையில் முன்னால் போகும் வண்டி நின்றால் நாமும் பிரேக் போடுகிறோம். அதை யாரும் 'உயிர் தப்பினார்' என்று எழுதுவதில்லையே.

கணக்கைப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி, மேகம் இருந்தால் 1,000 அடி உயரத்திலும், வானம் தெளிவாக இருந்தால் 500 அடியிலும் விமானம் 'நிலைப்பட்டு' இருக்க வேண்டும். அதாவது வேகம் வரம்புக்குள், இறங்கும் வீதம் நிமிடத்துக்கு 1,000 அடிக்கு மிகாமல், சக்கரமும் ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்பில் நீளும் பலகை) இறங்கும் நிலையில், எஞ்சின் விசை சரியாக, செக்லிஸ்ட் முடிந்து. இதில் ஒன்று குறைந்தாலும் மேலேற வேண்டும். 'சமாளித்துவிடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏன் இவ்வளவு கறார்? ஓடுபாதையின் தொடக்கத்தை 50 அடி உயரத்தில் கடக்கும் ஜெட் விமானம் 140 நாட் (மணிக்கு ஏறக்குறைய 260 கிலோமீட்டர்) வேகத்தில் இருந்தால், ஒரு விநாடிக்கு 72 மீட்டர் போகிறது. சக்கரம் தரையைத் தொடாமல் மூன்று விநாடி கூடுதலாக மிதந்தால் 200 மீட்டருக்கு மேல் ஓடுபாதை போய்விட்டது. அந்த 200 மீட்டரை எந்த பிரேக்கும் திருப்பித் தராது.

காக்பிட்டில் அந்த நேரத்தில் நடப்பது இவ்வளவுதான்: விசை நெம்புகோல் முழுதாக முன்னே, மூக்கு ஏறக்குறைய 15 டிகிரி மேலே, ஃபிளாப் ஒரு படி உள்ளே, விமானம் ஏறுகிறது என்று உறுதியானதும் சக்கரம் உள்ளே. பயணிக்குத் திடீர் இரைச்சல், முதுகு இருக்கையில் அழுந்துவது, காலடியில் 'தொம்' என்ற சத்தம். எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்பதற்கான சத்தம் அது. அடுத்த சில நிமிடங்களுக்கு விமானி பேசமாட்டார். முதலில் விமானத்தைப் பறக்க வைப்பது, பிறகு வழியைப் பிடிப்பது, பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்வது. பயணிகளுக்கான அறிவிப்பு அதற்கும் பிறகுதான். 'விமானி எதுவும் சொல்லாததால் பீதி' என்று எழுதுகிறவர்கள், அவர் அப்போது மைக்கைப் பிடித்திருக்க வேண்டும் என்றா நினைக்கிறார்கள்?

இந்தத் தலைப்புகள் மீது எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. விமானப் பாதுகாப்புக்கான சர்வதேச அமைப்பான ஃபிளைட் சேஃப்டி ஃபவுண்டேஷன் செய்த ஆய்வில், நிலைப்படாமல் இறங்க வந்த விமானங்களில் ஏறக்குறைய 97 சதவீதம் மேலேறாமல் அப்படியே தரையிறங்கியிருந்தன. விதி மேலேறச் சொல்கிறது, பழக்கம் இறங்கிவிடச் சொல்கிறது. சரியாக மேலேறுகிறவரை மறுநாள் 'தரையிறங்கத் தவறிய விமானி' என்று நாளிதழில் போட்டால், அந்தப் பழக்கத்துக்குத்தான் தீனி போடுகிறோம்.

2010 மே 22, மங்களூர். 8,033 அடி ஓடுபாதையில் விமானம் தரையைத் தொட்டது ஏறக்குறைய 5,200 அடியில். மேலேறும்படி துணை விமானி மூன்று முறை சொல்லியிருக்கிறார், கருவியும் எச்சரித்திருக்கிறது என்று விசாரணை அறிக்கை சொல்கிறது. தொட்ட பிறகு, எஞ்சின் விசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் ரிவர்ஸரைத் திறந்து, அதற்கும் பிறகு மேலேற முயன்றார்கள். ரிவர்ஸர் திறந்தால் நின்றே ஆக வேண்டும், மேலேறும் வாய்ப்பு அதோடு முடிந்தது. 158 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. மழை, பின்காற்று. 8,858 அடி ஓடுபாதையில் தொட்டது 4,438 அடியில், அதாவது சரிபாதியில். அங்கேயும் துணை விமானி மேலேறச் சொல்லியிருந்தார். 21 பேர் இறந்தார்கள். இரண்டு முறையும் தொலைக்காட்சிகள் நாள் முழுக்கப் பேசியது குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த 'டேபிள்டாப் ஓடுபாதை' பற்றி. குன்றின் மேல் இருந்ததால் விளைவு கொடூரமானது, உண்மைதான். ஆனால் பாதி ஓடுபாதையை வானிலேயே விட்டுவிட்டு இறங்கியதற்குக் குன்று காரணமில்லை. மேலேறியிருந்தால் அந்த இரண்டு விமானங்களும் நீங்கள் பீதியைக் கிளப்பும் அந்த நான்கு வரிச் செய்தியாகியிருக்கும்.

டேக்-ஆஃபை நிறுத்துவதும் இதே கதைதான். 80 முதல் 100 நாட் வரை சின்னக் கோளாறுக்கும் நிறுத்தலாம். அதற்கு மேல், 'வி-ஒன்' என்ற வேகம் வரை, எஞ்சின் செயலிழப்பு, தீ போன்ற பெரிய விஷயங்களுக்கு மட்டும். வி-ஒன்னைத் தாண்டினால் ஓர் எஞ்சின் நின்றாலும் பறந்தே ஆக வேண்டும். மிச்ச ஓடுபாதையில் நிற்க இடம் போதாது, ஒற்றை எஞ்சினில் ஏற முடியும். 'எஞ்சின் பழுதான பிறகும் விமானத்தைக் கிளப்பிய விமானி' என்று குற்றம் சாட்டுகிறவர்கள் இந்த ஒரு வேகத்தைப் பற்றி விசாரித்தாலே போதும்.

அதிவேகத்தில் நிறுத்தினால் பிரேக் பழுக்கக் காயும். சூடு சக்கரத்துக்கு ஏறச் சில நிமிடங்கள் ஆகும். அந்தச் சூட்டில் சக்கரத்திலுள்ள ஃபியூஸ் பிளக் உருகி, டயருக்குள் இருக்கும் நைட்ரஜனை வெளியே விடும். டயர் வெடித்துவிடக் கூடாது என்பதற்காகவே வைத்திருக்கும் பாகம் அது. அதைத்தான் 'டயர் வெடித்தது' என்று எழுதுகிறார்கள். தீயணைப்பு வண்டிகள் சுற்றி நிற்பதும் வழக்கமான ஏற்பாடு. (சூடான சக்கரத்தை அவர்கள் முன்னாலோ பின்னாலோ இருந்துதான் நெருங்குவார்கள், பக்கவாட்டில் நிற்கவே கூடாது. படம் எடுக்கப் பக்கவாட்டில் ஓடுகிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள்.)

அடுத்தது, சொற்கள். விமானம் ஓடுபாதையை விட்டு விலகுவது எக்ஸ்கர்ஷன். அனுமதியில்லாமல் யாரோ ஓடுபாதைக்குள் வருவது இன்கர்ஷன். இரண்டும் வேறு. இன்கர்ஷனிலும் ஏ முதல் டி வரை தரம் உண்டு. விமானமே அருகில் இல்லாதபோது ஒரு ஜீப் நிறுத்தக் கோட்டைத் தாண்டியிருந்தாலும் அது இன்கர்ஷன்தான், டி வகை. எல்லாவற்றுக்கும் 'நூலிழையில் தப்பியது' என்று போட்டால், உண்மையிலேயே நூலிழையில் தப்பும் ஏ வகை வரும்போது எந்தச் சொல்லை வைத்து எழுதுவீர்கள்? 1977இல் ஸ்பெயினின் டெனரீஃப் தீவு விமான நிலையத்தில் மூடுபனியில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்ததற்குக் குழப்பமான சில சொற்களும் காரணம். அதற்குப் பிறகு 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைக் கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே கோபுரம் பயன்படுத்துகிறது. மற்ற நேரத்தில் 'டிபார்ச்சர்'. ஒரு சொல்லுக்கு இத்தனை கட்டுப்பாடு இருக்கிற துறை இது.

இன்னொன்று, விமானத் தடம் காட்டும் செயலியைப் பார்த்து '120 அடிக்குத் தாழ்ந்த விமானம்' என்று எழுதுவது. செயலிகள் பலவற்றில் தெரிவது 1013.25 ஹெக்டோபாஸ்கல் என்ற நிலையான காற்றழுத்தத்தை அடிப்படையாகக் கொண்டு கணக்கிடும் அழுத்த உயரம். உள்ளூர் அழுத்தம் 1020 ஆக இருந்தால், ஹெக்டோபாஸ்கலுக்கு ஏறக்குறைய 27 அடி வீதம், கடல் மட்டத்திலிருந்து 300 அடியில் பறக்கும் விமானம் திரையில் ஏறக்குறைய 120 அடியில் இருப்பதாகத் தெரியும். அழுத்தத்தைத் திருத்தாமல் தலைப்பு எழுதாதீர்கள்.

நிருபர்களே, அலறலைப் பதிவு செய்யும் அதே போனில் நாலு கேள்வி கேளுங்கள். காற்று எவ்வளவு, எந்தப் பக்கம்? ஓடுபாதை நிலைக் குறியீடு என்ன? 2021 நவம்பரிலிருந்து 6 முதல் 0 வரை ஒரே அளவுகோல்தான்: 6 என்றால் காய்ந்தது, 5 ஈரம், 3 மில்லிமீட்டருக்கு மேல் தண்ணீர் தேங்கினால் 2. சக்கரம் எங்கே தொட்டது? மேலேறச் சொன்னது கோபுரமா, விமானியா? காரணத்தை அன்றிரவே தீர்ப்பாக எழுதாதீர்கள். விபத்து விசாரணையின் முதற்கட்ட அறிக்கைக்கே சர்வதேச விதி 30 நாள் தருகிறது.

பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள். விமானம் ஓடுபாதையில் நின்றுவிட்டால் பெல்ட்டைக் கழற்றாதீர்கள், எழுந்து வீடியோ எடுக்காதீர்கள். 'வெளியேறுங்கள்' என்று உத்தரவு வந்தால் பையைத் தொடாதீர்கள். பாஸ்போர்ட் உள்ளே இருந்தாலும் சரி, லேப்டாப் இருந்தாலும் சரி. பாதிக் கதவுகளை மட்டும் வைத்து 90 விநாடியில் எல்லோரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்குச் சான்றே கிடைக்கும். அந்தக் கணக்கில் மேல் தட்டைத் திறக்க நேரம் ஒதுக்கவில்லை. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் கடலோரக் காவல் விமானத்தின் மீது மோதித் தீப்பிடித்த ஏ350 விமானத்திலிருந்து 379 பேரும் உயிரோடு இறங்கினார்கள். 'அதிசயம்' என்றன செய்திகள். பணிப்பெண்கள் எந்தக் கதவுக்கு வெளியே தீ இருக்கிறது என்று ஜன்னல் வழியே பார்த்துவிட்டு, பாதுகாப்பான கதவுகளை மட்டும் திறந்தார்கள். பயணிகள் பைகளை விட்டுவிட்டு வந்தார்கள்.