கிண்ணத்துச் சோறும் அண்டாச் சோறும்: பனிவண்டி நாயின் உடற்கட்டு

1909ஆம் ஆண்டு, சைபீரியாவிலிருந்து ஒரு வியாபாரி அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு நாய்கள் சிலவற்றைக் கொண்டுவந்து இறக்கினார். தங்கம் தேடி வந்தவர்களால் வளர்ந்த ஊர் அது. குளிர்காலத்தில் தபால், சாமான், ஆள் எல்லாம் நாய் இழுக்கும் பனிச்சறுக்கு வண்டியில்தான் போக வேண்டும். அதனால் நாயைப் பற்றி அங்கே கருத்து இல்லாத ஆளே கிடையாது. வந்திறங்கிய நாய்களின் சின்ன உருவத்தைப் பார்த்து ஊர் சிரித்தது. 'சைபீரிய எலி' என்று பட்டப்பெயரும் வைத்தது. அந்த ஆண்டு நோமிலிருந்து கேண்டில் என்ற ஊர்வரை போய்த் திரும்பும் 408 மைல் பந்தயத்தில் எலிகள் மூன்றாவதாக வந்தன. மறு ஆண்டு சைபீரிய நாய்கள் பூட்டிய வண்டியே ஜெயித்தது, 74 மணி நேரச் சொச்சத்தில்.

சிரித்தவர்களையும் குறை சொல்ல முடியாது. பாரம் இழுக்கப் பெரிய உடம்பு வேண்டும் என்பது, வண்டியில் மாடு பூட்டிப் பார்த்த யாருக்கும் தோன்றுவதுதான். மெதுவாக நடந்து கனத்த சுமை இழுப்பதென்றால் அது சரியும்கூட. அந்த வேலைக்கென்றே வளர்க்கப்பட்ட அலாஸ்கன் மாலமூட் ஆண் நாய் 38 கிலோ எடை இருக்கும். ஆனால் நாளெல்லாம் ஓட வேண்டும் என்றால் கணக்கே வேறு. அங்கே நாயை மடக்கிப் போடுவது களைப்புக்கு முன்னால் சூடு.

மைனஸ் 20 டிகிரியில் என்ன சூடு என்று கேட்கலாம். தசை எரிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் இழுவையாகிறது. மீதி முக்கால் பங்கும் வெப்பமாக உடம்புக்குள்ளேயே தங்குகிறது. நமக்கென்றால் வியர்த்துக் கொட்டும். நாய்க்குப் பாதத்தின் அடிப்பகுதியைத் தவிர அந்த வசதி இல்லை. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். போதாததற்கு மேலே கம்பளிபோல இரண்டடுக்கு ரோமம். கடுமையாக ஓடும் நாயின் உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டிவிடும்.

கிண்ணத்தில் போட்ட சோறு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆறிவிடுகிறது. கல்யாண வீட்டு அண்டாச் சோறு மணிக்கணக்கில் சுடுகிறது. உருவத்தை எல்லாப் பக்கமும் இரண்டு மடங்காக்கினால் மேற்பரப்பு 4 மடங்கு ஆகும், கொள்ளளவோ 8 மடங்கு. வெப்பம் பிறப்பது கொள்ளளவில், வெளியேறுவது மேற்பரப்பு வழியாக. பெரிய நாய் என்பது அண்டா. ஓட ஓட உள்ளே சூடு சேர்ந்துகொண்டே போகும். சரி, அப்படியானால் முயல் அளவுக்கு நாய் வளர்க்கலாமே? அதுவும் நடக்காது. ரொம்பச் சின்ன உடம்பு ஓய்வெடுக்கும்போது குளிரில் விறைத்துப்போகும், ஆழமான பனியில் கால் எட்டாது, இழுவையும் போதாது. இரண்டு பக்க நெருக்கடிக்கும் நடுவே ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது: 20 முதல் 25 கிலோ.

இதை மனிதர்கள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதுதான் ஆச்சரியம். சைபீரியாவுக்கு வடக்கே ஆர்க்டிக் கடலில் உள்ள ஜோகோவ் தீவில் சுமார் 9,000 ஆண்டு பழமையான நாய் எலும்புகள் கிடைத்தன. அவற்றை அளந்த ரஷ்ய ஆய்வாளர்கள், பெரும்பாலானவை 16 முதல் 25 கிலோவுக்குள் அடங்கியவை என்றும், வண்டி இழுக்கவென்றே பொறுக்கி வளர்க்கப்பட்டவை என்றும் 2017இல் சொன்னார்கள். அங்கிருந்து கிடைத்த ஒரு நாயின் மரபணுவை 2020இல் படித்துப் பார்த்தபோது, இன்றைய கிரீன்லாந்து வண்டி நாய்களுக்கு அது நெருங்கிய சொந்தம் என்று தெரிந்தது.

ரோமத்துக்கு இரண்டு வேலை. உள்ளடுக்கு காற்றைப் பிடித்து வைத்துக் குளிரைத் தடுக்கும். வெளியடுக்கு பனி ஒட்டாமல் உதிர்த்துவிடும். இரண்டாவது வேலையின் அருமை இடிடரோட் பந்தயத்தில் தெரிந்தது. அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்திலிருந்து நோம் வரை ஆயிரம் மைல் ஓடும் இந்தப் பந்தயம் 1973இல் தொடங்கியது. 1980களின் கடைசியில் ஒருவர் பூடில் என்ற சுருட்டை முடி வீட்டு நாய்களைப் பூட்டி ஓட்டினார். சிரிக்காதீர்கள், கடைசிவரை ஓட்டியும் முடித்தார். ஆனால் சுருட்டை முடியில் பனி பிடித்து உறைந்து, படுத்த இடத்திலேயே நாய் ஒட்டிக்கொண்ட சங்கதியெல்லாம் நடந்தது. வடபகுதி நாயினங்கள் மட்டுமே ஓடலாம் என்று பிறகு விதி வந்துவிட்டது.

பாதம் இன்னும் நுட்பமானது. வெறுங்காலோடு பனியில் நின்றும் அது உறைவதில்லை. பாதத்துக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும் மேலே திரும்பும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒட்டி உரசியபடி போகின்றன. இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்திடம் கொடுத்துவிட்டே கீழே போகிறது. அதனால் உடம்புக்குள் குளிர்ந்த ரத்தம் நுழைவதில்லை, பாதமும் உறைநிலைக்கு இறங்குவதில்லை. விரல்கள் இறுக்கமாகச் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஓட்டிகள் வற்புறுத்துவது வேறு காரணத்துக்காக: இடுக்கில் பனி உருண்டை சேர்ந்தால் நடக்க நடக்கத் தோலை அறுக்கும். பந்தயத்தில் நான்கு காலுக்கும் துணிச் செருப்பு மாட்டிவிடுகிறார்கள்.

நீளமான பந்தயத்தில் ஒரு நாய் நாளொன்றுக்கு 10,000 கலோரிக்கு மேல் செலவழிக்கும். நாலு பெரிய ஆட்களின் சாப்பாடு, 25 கிலோ உடம்புக்குள். அதில் பெரும்பங்கு கொழுப்பு. இதில் ஒரு விசித்திரம் உண்டு. முதல் நாள் ஓட்டத்தில் தசையில் இருக்கும் சர்க்கரைச் சேமிப்பு சரிகிறது; நம்மைப் போலத்தான். ஆனால் ஓட்டம் நாள்கணக்கில் தொடரும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சேமிப்பு மறுபடி ஏறுகிறது. இரண்டொரு நாளில் உடம்பு தன் எரிபொருள் முறையையே மாற்றிக்கொள்கிறது.

ஆகவே பசி என்பது இங்கே குணங்களில் ஒன்று. எவ்வளவு அழகாக ஓடினாலும், களைத்து நிற்கும்போது தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுக்கும் நாய் வேலைக்கு ஆகாது. அறிமுகம் இல்லாத மருத்துவர் காலைத் தூக்கிப் பார்த்தால் சும்மா நிற்க வேண்டும். பக்கத்து நாயோடு சண்டை கூடாது. ஒரே கயிற்றில் பத்துப் பன்னிரண்டு நாய் பூட்டியிருக்கும்போது ஒரு கடி மொத்த வரிசையையும் சிக்கலாக்கிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, இழுக்க ஆசை வேண்டும். இந்த வண்டியில் கடிவாளம் இல்லை, குரல் மட்டுமே. ஓட்டி கடைசியில் நிற்கிறார், நாய்கள் முன்னால் ஓடுகின்றன. கயிற்றைப் பின்னாலிருந்து தள்ளி முன்னே அனுப்ப முடியுமா? வண்டி கிளம்பும் நேரத்தில் நாய்கள் குரைத்துத் துள்ளி, நங்கூரம் போட்டு நிறுத்தி வைத்த வண்டியையே பிடுங்கப் பார்க்கும். நம் ஊர் அடுக்குமாடிகளில் ஏசி போட்டு வளர்க்கும் ஹஸ்கி என்ற வண்டி நாய் சோபாவைக் கிழிப்பதும் இதே ஆசைதான், பாவம், இழுக்க ஒன்றும் இல்லாமல்.

வரிசைக்குத் தலைமையாக முன்னால் ஓடும் முன்னோடி நாய்க்கு இன்னொன்றும் தேவை: சொன்னதைக் கேட்க வேண்டும், கேட்கக்கூடாதபோது கேட்காமலும் இருக்க வேண்டும். முன்னால் பனிக்கட்டி மெலிந்திருந்தால், பின்னால் நிற்பவர் போ என்று கத்தினாலும் அது நின்றுவிடும். 1925இல் நோமில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) நோய் பரவியபோது, மருந்தை நெனானா என்ற ஊரிலிருந்து 674 மைல் தூரத்துக்கு வண்டிகள் கைமாற்றிக் கொண்டுவந்தன. அந்த வழியில் மிக நீண்ட, ஆபத்தான பகுதியை ஓட்டியவர் லியோனார்ட் செப்பாலா. அவருடைய முன்னோடி நாய் டோகோ. குட்டியாக இருந்தபோது சோனி, அடங்காதது, உதவாது என்று அதை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்து, வேலைக்குப் போகும் வண்டிகளைத் துரத்தித் தொல்லை கொடுத்தது. தொல்லை பொறுக்காமல் எட்டு மாதக் குட்டிக்கு வார் மாட்டினார் செப்பாலா. அன்று மாலைக்குள் அது முன்வரிசைக்கு வந்திருந்தது. மருந்து ஓட்டத்தின்போது டோகோவுக்கு வயது 12, எடை 22 கிலோ.