பஞ்சிங் பேக் கோபத்தைக் குறைக்காது, பாக்சிங் கிளப் குறைக்கலாம்

அடிதடி என்று திரிகிற பையனைக் கொண்டுபோய் பாக்சிங்கில் சேர்த்துவிடு, சரியாகிவிடுவான் என்று சொல்லாத ஊர் இல்லை. ஏன் என்று கேட்டால், உள்ளே இருக்கிற கோபத்தையெல்லாம் பையைக் குத்தித் தீர்த்துவிடுவான், தெருவில் காட்ட மிச்சம் இருக்காது என்பார்கள். யோசனை மோசமில்லை, காரணம்தான் தப்பு. காரணம் தப்பாக இருந்தால் பையனைத் தப்பான இடத்தில் சேர்த்துவிடுவோம், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன்.

கோபம் குக்கரில் அடைபட்ட ஆவி மாதிரி, விசில் அடித்து வெளியேறினால் அடங்கிவிடும் என்பதுதான் இந்த நம்பிக்கை. அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார். 600 கல்லூரி மாணவர்களை ஒரு கட்டுரை எழுதச் சொல்லி, இன்னொருவர் அதைப் படித்துவிட்டு மட்டமாகத் திட்டியிருப்பதாகக் காட்டி, கோபப்படுத்தினார்கள். பிறகு ஒரு குழு திட்டியவனை நினைத்துக்கொண்டே பஞ்சிங் பேக்கைக் குத்தியது, இன்னொரு குழு உடம்பு தேறவேண்டும் என்று நினைத்துக் குத்தியது, மூன்றாவது குழு சும்மா உட்கார்ந்திருந்தது. அப்புறம் திட்டியவனுக்குக் காது வலிக்கும் இரைச்சலைத் தண்டனையாகக் கொடுக்க எல்லோருக்கும் வாய்ப்பு தந்தார்கள். அவனை நினைத்துக் குத்தியவர்கள்தான் அதிகக் கோபத்தோடு இருந்தார்கள், அதிகம் தண்டித்தவர்களும் அவர்களே. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள்தான் இருப்பதிலேயே சாதுவாக நடந்துகொண்டார்கள்.

2024-ல் அதே புஷ்மனும் இன்னொரு ஆய்வாளரும் 150-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் விஷயம் மாறவில்லை. உடலின் பதற்றத்தை ஏற்றும் வேலைகள் மொத்தத்தில் கோபத்தைக் குறைக்கவில்லை, மூச்சுப் பயிற்சி, தியானம் மாதிரி பதற்றத்தை இறக்கும் வேலைகள் குறைத்தன.

அப்படியானால் பாக்சிங்கில் என்னதான் நடக்கிறது? ஸ்பாரிங்கை, அதாவது இருவர் எதிரெதிரே நின்று போடும் பயிற்சிச் சண்டையைக் கவனித்துப் பாருங்கள். எதிரே நிற்பவன் ஜாப் விடுகிறான், அதாவது முன்னால் இருக்கும் கையால் சட்டென்று ஒரு நேர்க்குத்து. அதைக் கண் பார்த்து, மூளைக்குப் புரிந்து, நம் கை அசைவதற்கே சுமார் 0.2 நொடி ஆகும், நல்ல ஜாப் ஏறக்குறைய அதற்குள் முகத்துக்கு வந்துவிடும். அதனால் கையைப் பார்த்துத் தப்பிக்க முடியாது, அவன் தோளையும் காலையும் பார்த்து முன்கூட்டியே ஊகிக்க வேண்டும், அதற்கு நிதானம் வேண்டும். மூக்கில் ஒன்று பட்டதும் அட்ரினலின் ஏறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, கவனம் ஒரே புள்ளியில் சுருங்குகிறது, திருப்பி அடி என்று உடம்பு முழுக்கக் கத்துகிறது. அந்த வெறியில் கையை அகல வீசினால் முகத்தைக் காக்கும் கைத்தடுப்பு, அதாவது கார்டு, திறந்துவிடும், அரை நொடியில் அடுத்த அடி விழும். கோபத்துக்கான விலை உடனே, அந்த இடத்திலேயே கிடைக்கிறது. தெருச் சண்டையில் அந்த விலை போலீஸ், கோர்ட் என்று மாதக்கணக்கில் தள்ளிப் போய்த்தான் வரும், அவ்வளவு தூரத்தை 15 வயது மூளையால் எடைபோட முடிவதில்லை.

அப்புறம் ரவுண்டு தொடங்கவும் முடியவும் அடிக்கும் அந்த மணி. போட்டியில் ஒரு ரவுண்டு பொதுவாக 3 நிமிடம், நடுவில் 1 நிமிடம் ஓய்வு, பெரும்பாலான ஜிம்களில் பயிற்சியும் இதே கணக்கில்தான். ஓய்வில் நீளமாக மூச்சை விட்டு இதயத்துடிப்பை இறக்க வேண்டும், அடுத்த மணிக்கு மறுபடி ஏற்ற வேண்டும். பதற்றம் ஏறும்போது அதை இறக்கத் தெரிவதுதான் கோபத்துக்கு மருந்து என்று மேலே பார்த்தோமே, அது இங்கே மாலைதோறும் பத்துத் தடவை பழக்கமாகிறது. பையைக் குத்துவதைவிட இந்த ஒரு நிமிடம்தான் முக்கியம் என்பது என் எண்ணம்.

பதற்றத்தில் நிதானிக்கும் இதே திறமையைக் குறிவைத்த ஒரு திட்டம் அமெரிக்காவின் சிகாகோவில் நடந்தது. 2009-ல் ஏழை வட்டாரங்களில் உள்ள 18 பள்ளிகளில் சுமார் 2,700 பையன்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வாராந்தரக் குழு வகுப்பும், மாலையில் பாக்சிங், மல்யுத்தம், வில்வித்தை போன்ற விளையாட்டுகளும் தந்தார்கள். வகுப்பில் ஒரு பயிற்சி. ஒருவன் கையில் பந்தைக் கொடுத்து, 30 நொடிக்குள் அதை அவனிடமிருந்து வாங்கு என்று இன்னொருவனிடம் சொல்வார்கள். உடனே பிடுங்கல், தள்ளுமுள்ளு. முடிந்ததும் நடத்துபவர் கேட்பார்: "கொடுடா என்று ஏன் கேட்கவில்லை?" அவர்கள் அதை யோசிக்கவே இல்லை! இந்தத் திட்டத்தில் நடந்த இரண்டு ஆய்வுகளில், சேர்ந்த காலத்தில் வன்முறைக் குற்றங்களுக்கான கைதுகள் 45 முதல் 50 சதவீதம் குறைந்தன. அது பாக்சிங்கால் மட்டும் வந்ததில்லை, திட்டம் முடிந்தபின் கைதுகளில் தெரிந்த குறைவு நீடிக்கவும் இல்லை. தொடர்ந்து வரவேண்டும் என்றுதான் இதிலிருந்து எனக்குப் புரிகிறது.

இதற்கு நேரெதிரான ஆய்வும் இருக்கிறது, அதை மறைக்கக்கூடாது. நார்வேயில் 11 முதல் 13 வயதுள்ள 477 பையன்களை 2 ஆண்டுகள் கவனித்ததில், பாக்சிங், பளுதூக்குதல், தற்காப்புக் கலை போன்றவற்றில் சேர்ந்தவர்களின் முரட்டுத்தனம் விளையாட்டுக்கு வெளியில் கூடியிருந்தது. ஆக, கிளவுஸுக்கு மந்திர சக்தி எதுவும் கிடையாது. முறுக்கிக்கொண்டு நிற்பதுதான் ஆம்பளைத்தனம் என்று பேசும் ஜிம்மில் பையன் அதைத்தான் கற்றுக்கொள்வான்.

எல்லாம் கோச்சைப் பொறுத்தது. 1988-ல் சிகாகோவின் கறுப்பினக் குடியிருப்பு ஒன்றில் ஜிம்மில் சேர்ந்து மூன்று ஆண்டுகள் பயிற்சி எடுத்த சமூகவியலாளர் லோயிக் வக்கான் முக்கியமாகக் கண்டது, அங்கே இருந்த கட்டுப்பாட்டை. எளியவனோடு ஸ்பாரிங் செய்யும்போது வலியவன் தன் பலத்தைக் குறைத்தே அடிக்க வேண்டும், அது எழுதாத சட்டம். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் காலி ஸ்வீனி என்பவர் 2007-ல் தொடங்கிய ஜிம்மிலோ புத்தகம் முதலில், பாக்சிங் அப்புறம். வீட்டுப்பாடத்தை முடிக்காமல் ரிங்குக்குப் போக முடியாது.

ஒரு பயம் எனக்கு உண்டு. தொடர்ந்து தலையில் அடி வாங்கும் வீரர்களின் மூளை பாதிக்கப்படுவதை 1928-லேயே மருத்துவர் ஹாரிசன் மார்ட்லண்ட் எழுதிவிட்டார். ஹெட்கார்டு வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. ஆனால் நான் மேலே சொன்னதில் பெரும்பங்கு, அதாவது மணி, மூச்சு, நிதானம், கோச்சின் கண், தலைக்கு அடி படாமலே கிடைக்கும். வளரும் பையனுக்குத் தலையைக் குறிவைக்காத ஸ்பாரிங்கே போதும். எனவே பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் எத்தனை மெடல் என்று கேட்பதற்கு முன், ஸ்பாரிங் எத்தனை மாதம் கழித்து, யாரோடு, தலையில் ஒன்று பலமாக விழுந்தால் ஸ்பாரிங்கை நிறுத்துவது யார், அதன்பின் எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத கோச்சிடம் விட வேண்டாம்.