ஏர்லாக் அடங்கியதும் பாட்டிலில் அடைத்துவிடாதீர்கள்

பியர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்ப்பதால், வீட்டில் பியர் தயாரிப்பவர்கள் "கொஞ்சம் குடித்துப் பார்த்துச் சொல்லுங்களேன்" என்று பாட்டிலோடு வந்து நிற்பது எனக்குப் பழகிப்போன விஷயம். சாதாரண ஏல் வகை பியர் என்றால் வாங்கித் திறந்துவிடுவேன். பெல்ஜியன் டார்க் ஸ்ட்ராங் ஏல் எனப்படும் கருநிற, ஆல்கஹால் கூடிய பெல்ஜிய பியர் என்றால் முதல் கேள்வியே வேறு: அடைக்கும்போது கிராவிட்டி (கரைந்திருக்கும் சர்க்கரையைக் காட்டும் அடர்த்தி அளவு; தண்ணீருக்கு 1.000) எவ்வளவு? "அளக்கவில்லை, ஏர்லாக்கில் (வாயுவை வெளியே மட்டும் விடும் மூடிக்குழாயில்) குமிழி நின்று ஒரு வாரம் ஆகிவிட்டது, அதனால் அடைத்துவிட்டேன்" என்று பதில் வந்தால் அந்தப் பாட்டிலை மேஜைமேல் வைக்கவே விடமாட்டேன்.

இந்த வகை பியர்மேல் ஏன் இவ்வளவு மோகம் என்று புரிகிறது. வெஸ்ட்ஃப்ளேட்டெரன் 12, ரோஷ்ஃபோர் 10 போன்ற துறவிமடத்து பியர்களை ஒருமுறை ருசித்தவர்களுக்கு, உலர்ந்த அத்திப்பழமும் திராட்சையும் கருகலான சர்க்கரைப் பாகும் கலந்த அந்த வாசனையை வீட்டிலேயே கொண்டுவர வேண்டும் என்று தோன்றும். நிறத்துக்காக வறுத்த மால்ட்டை (முளைகட்டிய தானியத்தை) அள்ளிக் கொட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் வருவது ஸ்டவுட் என்ற வேறு வகைக் கறுப்பு பியர். நிறமும் மணமும் பெரும்பாலும் கேண்டி சிரப் என்ற கருஞ்சர்க்கரைப் பாகிலிருந்து வருபவை. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் கிட்டத்தட்ட முழுதாகத் தின்றுவிடும் என்பதால்தான் 10 சதவீத ஆல்கஹால் இருந்தும் பியர் நாக்கில் கனமாகத் தங்குவதில்லை.

சிக்கலும் அங்கேதான். 1.090இல் ஆரம்பித்த பியர் 1.022இல் நின்றால், "ஸ்ட்ராங் பியர்தானே, கொஞ்சம் இனிப்பாகத்தான் முடியும்" என்று பலரும் சமாதானம் ஆகிவிடுகிறார்கள். அந்த ரெசிப்பி உண்மையில் 1.014 வரை இறங்க வேண்டியதாக இருந்தால்? பாட்டிலுக்குள் கிராவிட்டி 2 புள்ளி (அதாவது 0.002) இறங்கினால் சுமார் ஒரு வால்யூம் (பியரின் கொள்ளளவுக்குச் சமமான) கார்பன் டை ஆக்சைடு சேரும் என்பது ஆலைகளில் நாங்கள் போடும் தோராயக் கணக்கு. மிச்சமிருக்கும் 8 புள்ளிக்கு 4 வால்யூம். நுரைக்காக நீங்கள் சர்க்கரை போட்டு எட்ட நினைத்தது 3 வால்யூம். ஆக மொத்தம் 7. அறை வெப்பம் 25 டிகிரி என்றால் உள்ளே அழுத்தம் 8 பாருக்குப் பக்கத்தில் நிற்கும். ஷாம்பெயின் பாட்டிலுக்குள் இருப்பதே ஏறக்குறைய 6 பார்தான், அதுவும் அதற்கென்றே தடியாகச் செய்த கண்ணாடிக்குள். சாதாரண பியர் பாட்டில் இதைத் தாங்காது. வெடித்தால் ஒன்றோடு போகாது, பக்கத்தில் இருப்பதையும் உடைத்துக்கொண்டுதான் போகும்.

ஈஸ்ட் ஏன் பாதியில் படுத்துவிடுகிறது? பெரும்பாலும் எண்ணிக்கை போதாததால். ஒரு மில்லிலிட்டருக்கு, ஒரு பிளேட்டோ டிகிரிக்கு (சர்க்கரை சதவீதத்தை ஒட்டிய அளவு; 1.090 என்றால் சுமார் 21.6) ஏழரை லட்சம் செல் என்ற வழக்கமான கணக்கில் பார்த்தால் 20 லிட்டர், 1.090 வோர்ட்டுக்கு (இன்னும் நொதிக்காத மால்ட் சாற்றுக்கு) சுமார் 32,000 கோடி செல்கள் வேண்டும். திரவ ஈஸ்ட் பாக்கெட்டுகள் பலவற்றில் புத்தம் புதிதாக இருக்கும்போதே 10,000 கோடிதான். ஸ்டார்ட்டர் போட்டு, அதாவது கொஞ்சம் வோர்ட்டில் முன்கூட்டியே வளர்த்து, பெருக்காமல் ஒரே பாக்கெட்டை ஊற்றிவிட்டு நம்பிக்கையோடு காத்திருந்தால் எப்படி? அப்புறம் வெப்பம். 18 டிகிரியில் ஆரம்பித்து, நொதித்தல் வேகம் பிடித்தபின் மெல்ல 24 வரை ஏறவிட்டு, முடியும்வரை அதை இறங்கவிடாமல் வைத்திருக்க வேண்டும். முதல் நாளே சூடாக விட்டால் நெயில் பாலிஷ் ரிமூவர் வாடை வரும். கடைசியில் குளிரவிட்டால் ஈஸ்ட் அடியில் படிந்து தூங்கிவிடும். தூங்குவது சாவதில்லை. வெயில் காலம் வந்ததும் பாட்டிலுக்குள்ளேயே விழித்துக்கொள்ளும்.

ஆலையில் நாங்கள் செய்யும் ஒரு சின்னச் சோதனையை வீட்டிலும் செய்யலாம், செலவே கிடையாது. ஈஸ்ட் போடும் நாளில் 250 மில்லி வோர்ட்டைச் சுத்தமான குடுவையில் தனியாக எடுங்கள். சிரப்பைப் பிறகுதான் சேர்க்கப்போகிறீர்கள் என்றால் சேர்த்த பிறகு எடுங்கள். அதில் தேவைக்கு மேலேயே ஈஸ்ட் போட்டு, வாயைத் தளர்வாக மூடி, 25 முதல் 27 டிகிரியில் வைத்து, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சுழற்றுச் சுழற்றிவிடுங்கள். சில நாட்களில் இறங்கும் வரை இறங்கிவிடும். வாயுவை நன்றாக வெளியேற்றிவிட்டு ஹைட்ரோமீட்டரில் (கிராவிட்டி காட்டும் மிதவையில்) பாருங்கள். ரிஃப்ராக்டோமீட்டர் (ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) வேண்டாம், ஆல்கஹால் கலந்தபின் அது தப்பாகக் காட்டும். குடுவையில் வந்த அந்த எண்தான் உங்கள் இலக்கு. பெரிய ஃபெர்மென்டரில் (நொதிக்கும் கலத்தில்) இருப்பது அதற்கு ஓரிரு புள்ளிக்குள் வந்து, சில நாள் இடைவெளியில் எடுத்த அளவுகளும் மாறாமல் நின்றால் அடைக்கலாம். ஏர்லாக் குமிழி மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் நிற்கும், அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

முன்பு சேசோன் என்ற பெல்ஜிய பியர் தயாரித்த அதே பிளாஸ்டிக் வாளியையும் குழாயையும் இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் கவனம். சேசோன் ஈஸ்ட்களில் பல டயஸ்டாடிகஸ் வகை. சாதாரண ஈஸ்ட்டால் தொட முடியாத டெக்ஸ்ட்ரின் என்ற நீள்சங்கிலிச் சர்க்கரையையும் மாதக்கணக்கில் உடைத்துத் தின்றுகொண்டே இருக்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கை எவ்வளவு கழுவினாலும் நம்பாதீர்கள்.

நுரைக்காக அடைக்கும்போது போடும் ப்ரைமிங் சர்க்கரையைக் கரண்டியால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். பாட்டில் தடியானதாகவே இருக்கட்டும். ஏற்கெனவே அடைத்துவிட்டு இப்போது சந்தேகம் வந்தால், பாட்டில்களைக் குலுக்காமல், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கைக்குத் தடித்த கையுறையும் போட்டுக்கொண்டு குளிர்பெட்டியில் வைத்து, நன்றாகக் குளிர்ந்தபின் மூடியை லேசாகத் தூக்கி வாயுவை விடுங்கள்.

பாட்டில் அளவுக்குப் பேசப்படாத இன்னொன்று, அறைக்காற்று. 20 லிட்டர் வோர்ட் 10 சதவீதம் எட்டும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ 800 லிட்டர். ஜன்னல் இல்லாத சின்ன அறையில், அதுவும் படுக்கும் அறையில், ஃபெர்மென்டரை வைக்கவே கூடாது. முதல் சில நாட்கள் ஏர்லாக்குக்குப் பதில் அகலமான குழாயைத் தண்ணீர் வாளிக்குள் விடுங்கள். நுரை அடைத்துக்கொண்டால் மூடி பறந்துவிடும்.

குடிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். 10 சதவீத பியர் 330 மில்லியில் ஆல்கஹால் சுமார் 26 கிராம், வழக்கமான 5 சதவீத பியரைப்போல இரண்டு மடங்கு. நன்றாக வந்த பியரில் அந்தக் காரம் தெரியவே தெரியாது, அதனால் ஒன்று குடித்த விருந்தாளிக்குச் சாதாரண பியர் ஒன்றுதான் குடித்தோம் என்று தோன்றும். லேபிளில் அடைத்த தேதி, அடைத்தபோதிருந்த கிராவிட்டி, ஆல்கஹால் சதவீதம் மூன்றையும் எழுதுங்கள். யாருக்காவது கொடுக்கும்போது சதவீதத்தை வாயாலும் சொல்லிவிட்டு, வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவரா என்று கேட்டுவிட்டு ஊற்றுங்கள்.