மழை பொய்த்தால் யாருக்கு எவ்வளவு தண்ணீர்?

வெள்ளம் எந்த நாளில் வந்தது என்று கேட்டால் யாரும் சொல்லிவிடுவார்கள். வறட்சி எப்போது வந்தது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். மானாவாரி விவசாயிக்கு, முளைத்த பயிர் வாடிய அன்றே வறட்சி. கிணற்றுப் பாசனம் செய்பவருக்கு அது அடுத்த வருடம் தெரியும். பெரிய அணையை நம்பியிருக்கும் நகரத்துக்கு அதற்கும் அடுத்த வருடமாகலாம். அரசுக்கோ ஒரு தேதி வேண்டும். கடன் தவணையைத் தள்ளிவைக்க, நிவாரணம் கொடுக்க, அணையில் திறந்துவிடும் நீரைக் குறைக்க, எல்லாவற்றுக்கும் அந்தத் தேதிதான் ஆதாரம்.

தேதி குறிக்க உலகில் அதிகம் பயன்படுவது 'தரப்படுத்திய மழைக் குறியீடு'. கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993இல் உருவாக்கினார்கள். குறைந்தது 30 ஆண்டு மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு, இப்போது பெய்த மழை அந்த வரிசையில் எங்கே விழுகிறது என்று பார்ப்பார்கள். வழக்கமான மழை என்றால் 0. மைனஸ் 1 என்றால் மிதமான வறட்சி, மைனஸ் 1.5 கடுமை, மைனஸ் 2 மிகக் கடுமை. 'மழை 25 சதவீதம் குறைவு' என்று சொன்னால் போதாதா? போதாது. வருடத்துக்கு வருடம் தாறுமாறாகப் பெய்யும் வறண்ட பூமியில் 25 சதவீதக் குறைவு அடிக்கடி நடப்பது. எப்போதும் ஒரே சீராக மழை பெறும் இடத்தில் அதே குறைவு பெரிய அடி. அந்தந்த இடத்தின் சுபாவத்தோடு ஒப்பிடுவதுதான் இந்தக் குறியீட்டின் பலம்.

இன்னொரு வசதியும் உண்டு. இதை 3 மாதத்துக்கும் கணக்கிடலாம், 24 மாதத்துக்கும் கணக்கிடலாம். 3 மாதக் கணக்கு மண் ஈரத்தைச் சொல்லும், 24 மாதக் கணக்கு அணையையும் நிலத்தடி நீரையும் சொல்லும். இரண்டும் எதிரெதிராகவும் வரும். ஒரு நல்ல மழையில் வரப்பெல்லாம் பச்சையாகிவிடும், கிணறு மட்டும் வறண்டு கிடக்கும். 'மழைதான் பெய்துவிட்டதே' என்று கட்டுப்பாடுகளை உடனே எடுத்துவிடும் அரசுகள் தடுக்கி விழுவது இங்கேதான்.

அப்புறம் அரசியல் வருகிறது. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு வறட்சிக் கையேட்டின்படி மழைக் குறைவு முதல் படிதான். பயிரின் நிலை, மண் ஈரம், நீர்நிலைகள் எல்லாம் பார்த்து, சில ஊர்களில் வயலுக்கே போய்ச் சரிபார்த்த பிறகுதான் அறிவிப்பு. 'கடுமை' என்ற முத்திரை விழுந்தால்தான் மத்தியப் பேரிடர் நிதி கேட்க முடியும். மாநிலங்கள் அந்த ஒரு சொல்லுக்காக மல்லுக்கு நிற்பதில் ஆச்சரியம் என்ன?

ஆஸ்திரேலியா இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கப் பார்த்தது. வறட்சியை 1989இல் இயற்கைப் பேரிடர் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். வறண்ட நாட்டில் வறட்சி வருவது சகஜம், விவசாயி அதற்குத் தயாராக இருக்க வேண்டும் என்பது 1992ஆம் ஆண்டுக் கொள்கையின் சாரம். 20, 25 ஆண்டுக்கு ஒருமுறை வரும் அளவு மோசமானால் மட்டும் அரசு உதவும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சுமார் 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியில் 'விதிவிலக்கு' என்று அறிவிக்கப்பட்ட பகுதிகள் பல ஆண்டுகள் அப்படியே நீடித்தன. கோட்டுக்கு இந்தப் பக்கம் உதவி, அந்தப் பக்கம் இல்லை. நல்ல வருடத்தில் சேமித்து வைத்தவரைவிடச் சேமிக்காதவருக்கே சலுகை என்றும் ஆனது. 2012இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

தண்ணீர்ப் பங்கீட்டில்தான் அவர்கள் உருப்படியாக ஒன்றைச் செய்தார்கள் என்பேன். மர்ரே, டார்லிங் ஆறுகளின் படுகை நாட்டின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. அங்கே ஆற்றிலிருந்து எடுக்கும் நீருக்கு 1995இல் உச்சவரம்பு வைத்தார்கள். விவசாயி கையில் இருப்பது இத்தனை லிட்டர் என்ற உத்தரவாதம் அல்ல, ஒரு பங்கு. கம்பெனிப் பங்குக்கு ஈவுத்தொகை அறிவிப்பதுபோல, ஜூலை 1 அன்று தொடங்கும் நீர் ஆண்டில் அணை இருப்பைப் பார்த்து 'பங்குக்கு இத்தனை சதவீதம்' என்று அறிவிப்பார்கள். பங்கிலும் இரண்டு வகை. உறுதிப்பங்குக்கு முதலில் நீர் போகும். பொதுப்பங்குக்கு மிச்சம் இருந்தால் உண்டு. பழத்தோட்டக்காரர்கள் பெரும்பாலும் முதல் வகை, நெல் விவசாயிகள் இரண்டாம் வகை. மரம் ஒரு கோடையில் பட்டால் போனதுதான், நெல்லை அடுத்த வருடம் விதைத்துக்கொள்ளலாம்.

கிடைத்த நீரை விற்கவும் அனுமதி உண்டு. விளைவைப் பாருங்கள். 2001இல் 16 லட்சம் டன் விளைந்த நெல், 2008இல் 20 ஆயிரம் டன்னுக்கும் கீழே போனது. ஆனால் படுகையின் மொத்தப் பாசன வருமானம் அந்த அளவு விழவில்லை. இருந்த நீர் தோட்டங்களுக்குப் போனதே காரணம். நீரை விற்ற நெல் விவசாயிக்கும் காசு வந்தது. ஆலைத் தொழிலாளிக்கு விற்க என்ன இருந்தது? டெனிலிக்வின் ஊரின் பெரிய அரிசி ஆலை 2007இல் மூடப்பட்டது. இந்தச் செலவு எந்தச் சந்தைக் கணக்கிலும் ஏறுவதில்லை.

பங்காக அல்லாமல் அளவாகப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ ஆறு இருக்கிறது. 1922 ஒப்பந்தம் ஆண்டுக்கு மேல்படுகைக்கு 75 லட்சம் ஏக்கர்-அடி (ஒரு ஏக்கரில் ஓரடி ஆழம் நிற்கும் நீர் ஒரு ஏக்கர்-அடி), கீழ்ப்படுகைக்கு 75 லட்சம் என்று எழுதிவைத்தது. அளந்த ஆண்டுகளோ மழை மிகுந்தவை. இல்லாத தண்ணீரைத்தான் ஒரு நூற்றாண்டாகப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நல்லவேளை, அந்த ஆற்றின் பெரிய நீர்த்தேக்கமான மீட் ஏரியின் மட்டம் 1,075 அடிக்குக் கீழே போனால் யாருக்கு எவ்வளவு வெட்டு என்று 2007இல் எழுதிக்கொண்டார்கள். 2021 ஆகஸ்டில் முதல் பற்றாக்குறை அறிவிப்பு வந்தபோது புதிதாகப் பேரம் பேச வேண்டியிருக்கவில்லை.

சரி, சொட்டுநீர் போட்டால் தீராதா? வயலுக்கு நல்லது, படுகைக்கு அப்படி இல்லை. வாய்க்காலில் பாய்ச்சும்போது கசியும் நீரில் ஒரு பகுதி கீழே இறங்கி, தாழ்வான இடத்துக் கிணற்றில் ஊறும், ஆற்றுக்கும் திரும்பும். அது வீணானதல்ல, இன்னொருவரின் தண்ணீர். சொட்டுநீர் அந்தக் கசிவை நிறுத்துகிறது. மிச்சமான நீரில் விவசாயி இன்னும் இரண்டு ஏக்கர் சேர்த்து நடுவார். இலைவழி ஆவியாகும் மொத்த நீர் கூடும், கடைமடைக்கு வருவது குறையும். மானியம் தருமுன் மொத்த எடுப்புக்கு வரம்பு வைக்காவிட்டால், அரசு தன் காசில் ஆற்றை வற்றவைக்கிறது.

வரம்பு வைத்தால் அளக்க வேண்டும். லட்சக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகளில் மீட்டர் மாட்டி, அது ஓடுகிறதா என்று பார்ப்பது எந்த அரசுக்கும் தலைவலி. ஆஸ்திரேலியாவிலேயே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கண்காணிப்பு ஓட்டையாக இருந்தது 2017இல் அம்பலமானது. இப்போது செயற்கைக்கோள் உதவிக்கு வருகிறது. நீர் ஆவியாகும் பயிர் குளிர்ந்திருக்கும், காய்ந்த நிலம் சுடும். வெப்பப் படத்தில் அந்த வித்தியாசத்தை வைத்து எந்த வயல் எவ்வளவு குடித்தது என்று கணக்கிடலாம். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களுக்கு 2021 முதல் இந்தக் கணக்கு வயல்வாரியாக இணையத்தில் கிடைக்கிறது. பக்கத்து வயல்காரரும் பார்த்துக்கொள்ளலாம்.