சின்ன எஸ்யூவி வாங்கும் முன் உங்கள் ரோட்டைப் பாருங்கள்

வண்டி வாங்குவதற்கு முன்னால் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து யோசனை கேட்பவர்கள் டர்பனில் இப்போது அதிகமாகிவிட்டார்கள். நல்ல பழக்கம். கையில் இரண்டு மூன்று பிரோஷர் இருக்கும். ஃப்ரான்க்ஸ், மேக்னைட், சோனெட், டி-கிராஸ், எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ என்று பெயர்கள் வரிசையாக வரும். கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: "இதில எது மைலேஜ் நல்லா கொடுக்கும்?"

நான் பதிலுக்குச் சில கேள்விகள் கேட்பேன். வீடு எங்கே, வேலை எங்கே? தினமும் வண்டியில் எத்தனை பேர்? ஜோகன்னஸ்பர்க் பக்கம் அடிக்கடி போவீர்களா? இதெல்லாம் தெரியாமல் மைலேஜ் பற்றிச் சொல்லவே முடியாது. சாட்ஸ்வொர்த் மேட்டிலிருந்து இறங்கி டர்பன் நகருக்குள் போய்வருகிற அண்ணனுக்குச் சரியாக இருக்கும் வண்டி, ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் இருக்கும் தம்பிக்குச் சரிப்பட்டு வரும் என்று சொல்ல முடியாது. ஒரே மாடலாக இருந்தாலும் கடற்கரையில் ஒரு மாதிரி ஓடும், மேட்டு நாட்டில் வேறு மாதிரி ஓடும்.

பிரோஷரில் இருக்கும் எண்ணை முதலில் பார்ப்போம். இங்கே பெரும்பாலும் போடுவது என்இடிசி என்ற பழைய ஆய்வகச் சோதனையின் முடிவு. வண்டியை உருளை மேல் நிறுத்தி ஏறக்குறைய 20 நிமிடம், 11 கிலோமீட்டர் தூரம் ஓட்டுவார்கள். சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர்தான். 120-ஐக் கடைசியில் சில வினாடிகள் தொட்டுவிட்டு இறங்கிவிடும். ஏசி ஓடாது. மேடு கிடையாது, எதிர்காற்று கிடையாது, பின்சீட்டில் ஆளும் கிடையாது. ஐரோப்பாவில் 2017 முதல் டபிள்யூஎல்டிபி என்ற கடுமையான சோதனைக்கு மாறிவிட்டார்கள். அதில் 23 கிலோமீட்டர், 30 நிமிடம், உச்ச வேகம் 131. அதுவும் ஆய்வகம்தான் என்றாலும் நிஜத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் வரும். ஆகவே ஒரு வண்டிக்கு என்இடிசி எண்ணையும் இன்னொன்றுக்கு டபிள்யூஎல்டிபி எண்ணையும் வைத்து ஒப்பிடாதீர்கள். எந்தச் சோதனையின் எண் என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். பிரோஷரில் 100 கிலோமீட்டருக்கு 5.5 லிட்டர் என்றிருந்தால் 6.5 முதல் 7.5 வரை எதிர்பார்க்கச் சொல்வதுதான் என் வழக்கம்.

சென்னையிலோ மதுரையிலோ இருக்கும் சொந்தக்காரர் "எனக்கு லிட்டருக்கு 20 கொடுக்குதே" என்று போனில் சொல்வதை வைத்து இங்கே வண்டி வாங்குகிறவர்களையும் பார்க்கிறேன். 100-ஐ 20-ஆல் வகுத்தால் நம் கணக்கில் 100 கிலோமீட்டருக்கு 5 லிட்டர். ஆனால் இந்தியச் சோதனையில் உச்ச வேகமே 90தான். நாமோ டர்பன்-ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலையான என்3-இல் 120-இல் போகிறோம். அதைவிட முக்கியமான வித்தியாசம், பெயர் ஒன்றாக இருந்தாலும் இன்ஜின் வேறாக இருக்கும். சுசூகி ஃப்ரான்க்ஸ் இந்தியாவில் 1.2 லிட்டரிலும் 1.0 டர்போவிலும் விற்கிறது. இங்கே வருவது 1.5 லிட்டர். அங்கே கிடைக்கும் மைலேஜை இங்கே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அடுத்தது உயரம். நம் நாட்டில் வண்டி தேர்வு செய்யும்போது அதிகம் பேசப்படாத விஷயம் இதுதான். டர்பன் கடல் மட்டத்தில் இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. டர்போ இல்லாத இன்ஜின், தானே இழுக்கும் காற்றை நம்பித்தான் ஓடுகிறது. ஒவ்வொரு 100 மீட்டருக்கும் அதன் சக்தியில் ஏறக்குறைய 1 சதவீதம் போய்விடும். ஃப்ரான்க்ஸின் 1.5 இன்ஜின் 77 கிலோவாட் என்றால் ஜோகன்னஸ்பர்க்கில் கையில் இருப்பது 64 கிலோவாட் அளவுதான். ஹூண்டாய் வென்யூவின் 1.2 லிட்டர் 61 கிலோவாட் இன்ஜின், அங்கே 50-ஐ ஒட்டி வந்து நிற்கும். ஐந்து பேரோடும் சாமானோடும் போய், ஒரு லாரியைத் தாண்ட ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும். டர்போ இருந்தால் மெலிந்த காற்றையும் அழுத்தி உள்ளே தள்ளும். அதனால் அவ்வளவு இழப்பு இருக்காது. டி-கிராஸின் 1.0 லிட்டர் டர்போ மூன்று சிலிண்டர்தானே என்று கடற்கரையில் ஏளனமாகப் பார்ப்பவர்கள், மேட்டு நாட்டிலுள்ள ஹாரிஸ்மித் தாண்டியதும் அதன் இழுவையைப் பார்க்க வேண்டும்.

அதற்காக எல்லோரும் டர்போ வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. டர்போ வண்டியைச் சாந்தமாக ஓட்டினால் பெட்ரோல் மிச்சமாகும். அழுத்தி ஓட்டினால் பெரிய இன்ஜினைப் போலவே குடிக்கும். ஃபீனிக்ஸிலிருந்து உம்லங்கா வரை தினமும் தனி ஆளாகப் போய்வருகிறவருக்கு 1.2 அல்லது 1.5 லிட்டர் சாதா இன்ஜின் தாராளம். பராமரிப்பும் எளிது. டர்போவில் ஆயில் மாற்றத் தாமதித்தால் செலவு பெரிதாக வரும். மேட்டிலும் பாரத்திலும் அதிகம் ஓடுகிறவருக்கு டர்போ பொருத்தம். அப்படிப்பட்டவர் 1.0 லிட்டர் டர்போ இல்லாத சின்ன இன்ஜினை, விலை குறைவு என்பதற்காக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பைன்டவுனிலிருந்து க்ளூஃப் வரை ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஏறும்போது அந்த இன்ஜின் இரண்டாவது மூன்றாவது கியரில் கத்திக்கொண்டே வரும். சின்ன இன்ஜினை முழு மிதியில் ஓட்டினால் சிக்கனம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது ஒரு கணக்கு. டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக்கு ஏறக்குறைய 570 கிலோமீட்டர். போய்வந்தவர்கள் எல்லாம் பெட்ரோல் செலவுக்கு மேட்டைத்தான் குற்றம் சொல்வார்கள். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள வண்டியை 1,700 மீட்டர் தூக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்று பார்த்தால், இன்ஜினில் வீணாவதையும் சேர்த்து, ஏறக்குறைய இரண்டரை லிட்டர் பெட்ரோல். அவ்வளவுதான். வழியில் இறங்கி ஏறுவதையெல்லாம் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். ஆனால் வேகம் அப்படியில்லை. வேகம் 100-இலிருந்து 120 ஆனால் காற்றின் எதிர்ப்பு 44 சதவீதம் கூடுகிறது. எஸ்யூவி உயரமாக, முகம் அகலமாக இருப்பதால் இந்த எதிர்ப்பு காரைவிட இதற்கு அதிகம். என் கணக்குப்படி இந்த 20 கிலோமீட்டர் வேகத்துக்கு 100 கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் அல்லது அதற்கும் மேல் போகும். மொத்தப் பயணத்தில் எட்டு ஒன்பது லிட்டர். மேடு எடுத்துக்கொண்டதைப் போல மூன்று மடங்கு! மிச்சப்பட்ட நேரம் ஒரு மணி நேரத்துக்குள்தான், அதுவும் வழியில் எங்கும் நிற்காமல் போனால். 110-இல் போனாலே பாதி மிச்சமாகும். கூரைமேல் காலி ரூஃப் ரேக்கோடு நெடுந்தூரம் போவதும் இதே கணக்கில்தான் சேரும். வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள்.

கியர்பாக்ஸை யாரும் சரியாக விசாரிப்பதில்லை. "ஆட்டோமேட்டிக்கா, மேனுவலா" என்பதோடு நின்றுவிடுகிறது. ஆட்டோமேட்டிக்கிலேயே பல வகை உண்டு. இங்கே விற்கும் ஃப்ரான்க்ஸின் ஆட்டோமேட்டிக்கில் நான்கே கியர். அதன் உடன்பிறப்பான டொயோட்டா ஸ்டார்லெட் கிராஸிலும் அப்படியே. ஊருக்குள் நம்பிக்கையான பெட்டி அது. நெடுஞ்சாலையில் 120-இல் இன்ஜின் சுற்று அதிகமாக இருக்கும், பெட்ரோலும் அதற்கேற்பப் போகும். சிவிடி என்பது கியர் படிகளே இல்லாத ஆட்டோமேட்டிக். நகர நெரிசலில் வழவழப்பாக இருக்கும். மேட்டில் முழு மிதி கொடுத்தால் சத்தம் போடும். ஏஎம்டி என்பது மேனுவல் பெட்டியில் இயந்திரமே கிளட்ச் போடுவது. சிக்கனம்தான். ஆனால் செங்குத்தான வீட்டு டிரைவ்வேயில், வண்டி பின்னால் உருளாமல் பொறுமையாக ஏற்றத் தெரிய வேண்டும். சாட்ஸ்வொர்த்திலும் ரிசர்வாயர் ஹில்ஸிலும் வீட்டு டிரைவ்வே எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ஏஎம்டி வாங்குவதாக இருந்தால் உங்கள் வீட்டு டிரைவ்வேயில் ஏற்றிப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பெட்ரோல் இன்ஜினோடு மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைப்ரிட் பற்றியும் கேட்கிறார்கள். கொரொல்லா கிராஸ் ஹைப்ரிட் நம் டர்பனின் பிராஸ்பெக்டன் ஆலையிலேயே 2021 முதல் தயாராகிறது. மேலே சொன்ன வண்டிகளைவிட ஒரு அளவு பெரியது, விலையும் அதிகம். கேட்டோ ரிட்ஜுக்கும் டர்பனுக்கும் இடையில் என்3 அகலப்படுத்தும் வேலையில் நின்று நின்று ஊர்ந்து போகிறவர்களுக்கு அது உண்மையாகவே பெட்ரோலை மிச்சப்படுத்தும், ஏனென்றால் பிரேக் பிடிக்கும் ஆற்றலைத் திரும்பப் பிடித்துவைக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் அந்த ஆதாயம் சுருங்கிவிடும். வான் ரீனன்ஸ் பாஸ் போன்ற நீண்ட இறக்கத்திலும் முழுப் பலன் கிடைக்காது. 500 மீட்டர் இறங்கினாலே ஏறக்குறைய 2 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான ஆற்றல் வரும், அந்தச் சின்ன பேட்டரி அதற்கு முன்பே நிறைந்துவிடும்.

பணக் கணக்கையும் போட்டுவிடுவோம். வருடத்துக்கு 15,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள், ஒரு வண்டி மற்றதைவிட 100 கிலோமீட்டருக்கு 1 லிட்டர் குறைவாகக் குடிக்கிறது என்றால், வருடத்துக்கு மிச்சம் 150 லிட்டர். லிட்டர் 22 ரேண்ட் என்று வைத்தால் 3,300 ரேண்ட். ஐந்து வருடத்தில் 16,500. அந்த 1 லிட்டருக்காக 60,000 ரேண்ட் கூடுதல் விலையில், அதற்கு வட்டியும் கட்டி ஒரு வண்டியை எடுப்பதில் என்ன லாபம்? நிறைய குடும்பங்கள் பெட்ரோலில் 300 ரேண்டை மிச்சம்பிடித்துத் தவணையில் 1,000 ரேண்டை விடுகின்றன. அழகுக்காக 18 அங்குல சக்கரம் போட்ட மாடலை எடுக்கிறவர்கள், நான்கு டயர் மாற்றும் நாளில்தான் விலையைப் பார்க்கிறார்கள். குழிகள் நிறைந்த நம் சாலைகளுக்கு 16 அங்குலமும் தடிமனான டயரும்தான் நல்லது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும்: விலையைக் குறைக்க ஏர்பேக்கையும் இஎஸ்சி என்கிற வண்டி வழுக்காமல் காக்கும் வசதியையும் விட்டுக்கொடுக்காதீர்கள். குளோபல் என்சிஏபி 2017 முதல் ஆப்பிரிக்கச் சந்தை வண்டிகளை மோதிச் சோதிக்கிறது. நீங்கள் பார்க்கும் மாடலுக்கு முடிவு வந்திருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். விற்பனையாளர் உங்களைச் சமதளத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்துவார். அதில் எந்த வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். தைப்பூசத்துக்குக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும்போது வண்டியில் எத்தனை பேர் ஏறுவார்களோ அத்தனை பேரும் ஏறட்டும். ஏசியைப் போட்டுக்கொண்டு ஃபீல்ட்ஸ் ஹில்லிலோ, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் டவுன் ஹில்லிலோ ஏறிப் பாருங்கள். மூன்றாவது கியரில் திணறாமல் ஏறுகிறதா? பேச்சுக் குரல் கேட்காத அளவுக்கு இன்ஜின் கத்துகிறதா? பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்கு ஏறி இறங்க வசதியாக இருக்கிறதா? பாதி நாள் வண்டியைத் தரச் சொல்லிக் கேட்டால் பல ஷோரூம்கள் தருகின்றன. கேட்பதில் தவறில்லை.

வாங்கிய பிறகு டேஷ்போர்டு காட்டும் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். நான் பார்த்தவரை அது உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். பங்க் ஊழியரிடம் முதல் கிளிக்கிலேயே நிறுத்தச் சொல்லி டேங்க்கை நிரப்புங்கள். ஓடோமீட்டரைக் குறித்துக்கொண்டு, வழக்கம்போல ஓட்டி, மறுபடி அதே பம்பில் முதல் கிளிக் வரை நிரப்புங்கள். ஊற்றிய லிட்டரை 100-ஆல் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் உங்கள் எண் வந்துவிடும். ஒரு டேங்க் போதாது, மூன்று நான்கு டேங்க்கின் சராசரியை எடுங்கள். புது வண்டிக்கு முதல் சில ஆயிரம் கிலோமீட்டரில் எண் கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

ஜோகன்னஸ்பர்க் கிளம்பும்போது டர்பனிலேயே டேங்க்கை நிரப்பிவிடுங்கள். பெட்ரோல் விலை மாதத்தின் முதல் புதன்கிழமை மாறும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் உட்பகுதியில் போக்குவரத்துச் செலவு சேர்வதால் எப்போதும் கடற்கரையைவிடக் கூடுதல்தான். மேலே போன பிறகு 93 ஆக்டேன் பெட்ரோல் போடலாமா 95 போட வேண்டுமா என்று கேட்பவர்கள், வண்டியோடு வந்த புத்தகத்தையோ டேங்க் மூடியின் உட்புறத்தையோ பாருங்கள். உயரத்தில் டர்போ இல்லாத பெரும்பாலான இன்ஜின்களுக்கு 93 போதும், 95 போட்டால் கூடுதல் சக்தி வந்துவிடாது. டர்போவுக்கு 95 என்று எழுதியிருந்தால் 95தான்.

சராசரி திடீரென்று ஒரு லிட்டர் கூடினால் முதலில் டயர் காற்றைப் பாருங்கள். நான்கு டயரிலும் காற்று சரியாக இருந்தால், கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுச் சக்கரங்களின் பக்கத்தில் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் அங்கே பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறது. அப்படியே ஓட்டாமல் உடனே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவாருங்கள்.